மாப்பிள்ளை கொண்டுவந்த இசைத்தட்டு

பழைய மின்னணு நடன இசைத்தட்டுகளைச் சேகரிப்பவன் என்று திருவனந்தபுரத்தில் எனக்கு ஒரு சின்னப் பெயர் உண்டு. போன மாதம் அந்தப் பெயரோடு ஓர் அவமானமும் சேர்ந்துகொண்டது. என் சேகரிப்பில் மூத்ததும் எனக்கு மிகப் பிரியமானதுமான தட்டை, ஒன்பது வயதிலிருந்து நான் தப்பான வேகத்திலேயே கேட்டு வந்திருக்கிறேன். கேட்டதோடு விட்டிருக்கலாம். அதில் இழையோடும் துயரத்தைப் பற்றி ஒரு சிற்றிதழில் நாலு பக்கம் எழுதியும் வைத்திருக்கிறேன். வாழ்வைக் கரைத்துக் குடித்த ஒரு கிழவனின் முனகல் என்று அதில் ஒரு வரி வரும். அந்தக் கிழவன் ஓர் இளம்பெண்.

தம்பானூரில் ஒரு டீக்கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேர் கூடி, ஆளுக்கொரு தட்டைப் போட்டுக் கேட்போம். அங்கே புதிதாக வந்திருந்த கம்ப்யூட்டர்காரர் ஒருவர் என் தட்டின் நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "சேட்டா, இது ஃபார்ட்டி ஃபைவ் ஆணல்லோ" என்றார். நாற்பத்தைந்து சுற்றுத் தட்டு அல்லவா என்கிறார். மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் கூடுதலாக வலித்தது.

பெரிய தட்டு என்றால் நிமிஷத்துக்கு முப்பத்து மூன்று சுற்று, சின்னத் தட்டு என்றால் நாற்பத்தைந்து என்பது பொதுவான வழக்கம். நடன இசைத்தட்டு பல நேரங்களில் இந்த வழக்கத்துக்குள் அடங்காது. பெரிய தட்டு, பக்கத்துக்கு ஒரே பாட்டு, அகலமான பள்ளங்கள், வேகமான சுற்று. தாளம் நெஞ்சில் வந்து இடிக்க வேண்டும் என்பதற்காக அப்படி. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அந்தப் பள்ளங்கள் எண்ணெய் தடவி வாரிய தலை மாதிரி மின்னும். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். மற்றத் தட்டுகளை லேபிளைப் பார்த்துத்தான் போடுவேன். இதில் மட்டும் பார்த்ததில்லை. அப்பா வைத்த வேகம். அதைச் சரிபார்க்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

வலியசாலையில் எங்கள் வீட்டுக்கு அந்தத் தட்டைக் கொண்டுவந்தவர் அத்திம்பேர், அக்காவின் கணவர். பம்பாயில் கப்பல் கம்பெனி ஒன்றில் வேலை. அக்காவுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷத்துக்குள் இரண்டு வேலை மாறி, இரண்டு வீடும் மாறிவிட்டார். அப்பாவோ, செக்ரடேரியட்டில் எந்தக் கோப்பையும் மூன்று தடவை படிக்காமல் கையெழுத்துப் போடாதவர். மாப்பிள்ளை அவசரக்காரர் என்று முடிவு கட்டிவிட்டார். ஆடிக்கு அழைத்துவந்த அக்காவை ஐப்பசி பிறந்தும் திருப்பி அனுப்பவில்லை. அவர் முதலில் ஓர் இடத்தில் நிற்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். அக்கா எதிர்த்துப் பேசவில்லை. கட்டிலுக்கடியில் இருந்த அவளுடைய பெட்டியில் புடவைகள் எல்லாம் மடித்து வைத்தபடியே இருந்தன. ஒளிந்து விளையாடும்போது நான் பார்த்திருக்கிறேன். பெட்டியில் ஒளிய இடமில்லையே என்பதுதான் அன்றைக்கு என் வருத்தம்.

அத்திம்பேர் ஒரு நாள் காலை வண்டியில் வந்து இறங்கினார். அக்கா சமையலறைக் கதவோடு நின்றுவிட்டாள். அப்பா நாற்காலியை விட்டு எழாமலே கேட்டார்.

"வாங்கோ மாப்பிள்ளை. லீவு எத்தனை நாள்?"

"நாளைக்கே கிளம்பணும், மாமா."

அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்து, அம்மா அவசரமாகக் காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். அத்திம்பேர் அதை நின்றபடியே குடித்தார். அதுவும் அப்பாவின் கணக்கில் ஏறியது.

அப்புறம்தான் அந்தச் சதுரப் பொட்டலம். மாமனார் இசைப் பிரியர் என்பதால், யாரோ மாலுமி கொடுத்த ஜெர்மன் தட்டைக் கொண்டுவந்திருந்தார். உறையில் படம்கூட இல்லை. நடுவில் ஒரு வட்ட ஓட்டை மட்டும். அப்பா அதை வாங்கி, துணியால் துடைத்து, கச்சேரித் தட்டுகளை எப்படிப் போடுவாரோ அப்படியே போட்டார். பாட்டுப்பெட்டியில் வேகத்தை மாற்றும் குமிழை அவர் ஒருநாளும் தொட்டதில்லை. மற்றவர்கள் பெட்டியையே தொட்டதில்லை.

தொம்... தொம்... என்று, யாரோ பசியாறிய பிறகு நிதானமாக நெல் குத்துவதுபோல ஒரு சத்தம். அதன்மேல் ஆர்மோனியமும் அல்லாத, சங்கும் அல்லாத ஏதோ ஒன்று மெல்ல வளைந்து வளைந்து வந்தது. நடுநடுவே அந்தக் கிழவன். என் உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அத்திம்பேர் பாதி எழுந்தார். கை பெட்டியை நோக்கி நீண்டது. "மாமா, அது வந்து..." என்று ஆரம்பித்தவர், சமையலறைக் கதவுப் பக்கம் பார்த்தார். அக்காவும் அவரைப் பார்த்தாள். அவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். கொல்லைப்பக்கம் போக வேண்டும்போல, சொல்ல வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா கண்ணை மூடித் தொடையில் சவுக்க காலத்தில், மிக மெதுவாக, தாளம் போட்டுக்கொண்டிருந்தார். முள் கடைசிப் பள்ளத்துக்கு வந்து கிரீச்சிடும்வரை யாரும் எழவில்லை.

"இதையெல்லாம் உக்காந்து கேப்பேளா?" என்றார் அப்பா.

"கேப்பேன்."

"ரொம்பப் பொறுமை வேணுமே." அப்பா தட்டைத் துடைத்து உறைக்குள் வைத்தார். பிறகு உள்பக்கம் திரும்பி அம்மாவிடம் சொன்னார். "கேட்டியா, நாளைக்குக் கட்டுச்சாதம் ரெண்டு பேருக்குக் கட்டிடு."

அக்கா போய்விட்டாள். தட்டு எங்கள் வீட்டிலேயே தங்கியது. அதற்குப் பிறகு அத்திம்பேர் வரும்போதெல்லாம் அப்பா அவரைக் கௌரவிக்கிறேன் என்று அதைப் போடுவார். அவரும் ஒவ்வொரு தடவையும் கடைசிவரை உட்கார்ந்து கேட்பார். அவருக்கு அடுத்தபடி ஆசையோடு கேட்டவன் நான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இன்று என் அலமாரி நிறைய நிற்கும் அத்தனை தட்டுகளுக்கும் அதுதான் தாய்.

டீக்கடை மாடியில் அதைச் சரியான வேகத்தில் போட்டபோது எல்லோருடைய கால்களும் தரையைத் தட்டின. என் கால் மட்டும் தட்டவில்லை. பாதி எழுந்து, கை நீட்டி, உட்கார்ந்துவிட்ட ஒரு மனிதரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமனாரின் தப்பைத் திருத்தியிருந்தால் மறுநாள் அவர் தனியாக வண்டி ஏறியிருப்பார். ஒன்பது வயதில் எனக்கு அது கொல்லைப்பக்கத்து அவசரமாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் பம்பாய்க்குப் போன் செய்தேன். தெரிந்தேதான் பேசாமல் இருந்தீர்களா என்று கேட்டேன். அத்திம்பேர் சிரித்தார். "பின்னே? வேகமாப் போட்டிருந்தா உங்கப்பா என்னைப் பாதி வழியிலேயே எழுப்பி அனுப்பியிருப்பார்" என்றார். அவருடைய அந்தப் பொறுமைக்கு என் வாழ்க்கை எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் போன் கைமாறிவிட்டது எனக்குத் தெரியவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு அக்கா சொன்னாள்:

"அந்தப் பொறுமையெல்லாம் அந்தத் தட்டோடயே தீந்துபோச்சுடா. இப்போ காப்பி ஆத்தறதுக்குள்ள நாலு தடவை கூப்பிடறார்."