மாஸ்டர் கேட்ட மல்லி

எழுபதுகளின் கடைசியில், கல்யாணத்துக்கு முன்பு, கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மலைச்சரக்கு வியாபாரியிடம் டைப்பிஸ்டாக இருந்தேன். மாடியில் என் மேஜை, ஜன்னலுக்குக் கீழே முற்றம், அதற்கு அப்பால் கிடங்கு. எனக்குச் சினிமா என்றால் சோறு தண்ணி வேண்டாம். அந்த முற்றத்திலேயே ஒரு நாள் ஷூட்டிங் என்றால் டைப் அடிக்கக் கை ஓடுமா?

தெலுங்கிலும் தமிழிலும் எடுத்துக்கொண்டிருந்த படம். ஒரு பாட்டின் கொஞ்சப் பகுதியை இங்கே எடுக்க வந்திருந்தார்கள். டைரக்டர் காய்ச்சலில் படுத்துவிட்டதால், டான்ஸ் மாஸ்டரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளட்டும் என்று தயாரிப்பாளர் சொல்லிவிட்டாராம். மாஸ்டர் தெலுங்குக்காரர், ஆனால் நன்றாகத் தமிழ் பேசினார். எங்கள் குடும்பம் பாலக்காட்டிலிருந்து கொச்சிக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். நான் தமிழில் பேசியதைக் கேட்டதும் அவருக்கு அப்படியொரு சந்தோஷம். சாயா குடித்துக்கொண்டே மனசைத் திறந்துவிட்டார்.

"இன்னிக்கு இது நல்லா வந்துட்டா, அடுத்த படத்துக்கு நான்தாம்மா டைரக்டர். சொதப்பிட்டா ஆயுசு பூரா ஒன், டூ, த்ரீ சொல்லிட்டுக் கிடக்க வேண்டியதுதான்."

மதியம் லாரிகள் வந்துவிடும், அதற்குள் முடித்தாக வேண்டும். தயாரிப்பாளர் குடைக்கடியில் நாற்காலி போட்டு, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

காட்சி இதுதான். கதாநாயகி ஆடிக்கொண்டு போக, மூட்டை சுமப்பவர்கள் அவளுக்குப் பின்னால் தாளத்துக்கு நடந்து வர வேண்டும். நடந்தவர்கள் எங்கள் கிடங்குச் சேட்டன்மாரேதான். முதுகில் வைக்கோல் அடைத்த டம்மி மூட்டைகள். கனமே இல்லாத மூட்டையைச் சுமந்து பழக்கமில்லாததால், மாப்பிள்ளை அழைப்பில் போகிறவர்கள் மாதிரி விறைத்துக்கொண்டு நடந்தார்கள். மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. பதற்றத்தில் தமிழ் பறந்துபோய் தாய்மொழி வந்துவிட்டது.

"மள்ளி! மள்ளி!" என்று கத்தினார்.

சேட்டன்மார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வைக்கோலைக் கீழே போட்டுவிட்டுக் கிடங்குக்குள் போனார்கள். நிஜமான மல்லி மூட்டைகளோடு வெளியே வந்தார்கள். அதில் ஒன்று வாய் பிரிந்து, கொத்தமல்லி விதை முற்றமெங்கும் கொட்டியது. கதாநாயகி அதில் கால் வைத்தாள், சர்ரென்று வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். மாஸ்டர் தலையில் கைவைத்துக்கொண்டு, "ஐயோ, மள்ளி" என்றார். உடனே இன்னொரு மூட்டை வந்தது.

மல்லி போதுமா, இல்லை மிளகும் வேண்டுமா என்று சேட்டன்மாரில் மூத்தவர் பணிவாகக் கேட்டார். "சாரே, மல்லி மதியோ? அதோ குருமுளகும் வேணோ?"

தயாரிப்பாளர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். போச்சு, மாஸ்டரின் படம் போச்சு என்று நினைத்தேன். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. குண்டூர் மிளகாய் மண்டியிலிருந்து டிரங்க்கால் வரும். லைன் சரியில்லாவிட்டால் அவர்கள் தெலுங்கில் "மள்ளி செப்பண்டி" என்பார்கள், மறுபடியும் சொல்லுங்கள் என்று. ஜன்னலிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டி, இன்னொரு தடவை செய்யச் சொல்கிறார் என்று மலையாளத்தில் கத்தினேன்.

"சேட்டன்மாரே, அது மல்லியல்ல! ஒண்ணுகூடி செய்யான் பறஞ்ஞதா!"

"அது நேரத்தே பறயண்டே மோளே?" என்றார் மூத்தவர், மூட்டையை இறக்காமலே. முன்னாடியே சொல்லியிருக்க வேண்டாமா என்று என் மேலேயே குறை.

நான் தமிழில் விளக்கியதும் மாஸ்டர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். கீழே உட்கார்ந்திருந்த கதாநாயகியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்த மாஸ்டர் சட்டென்று சேட்டன்மாரை உற்றுப் பார்த்தார். நிஜ மூட்டை ஏறியதும் அவர்கள் இடுப்பு தானாக வளைந்து, நடையில் ஒரு துள்ளல் வந்திருந்தது.

"அப்படியே நில்லுங்க" என்றார். காலையிலிருந்து சொல்லிக்கொடுத்த ஸ்டெப்பையெல்லாம் தூக்கிப்போட்டார். வழுக்கி விழுவதையே ஆட்டமாக்கினார். மல்லியை அள்ளி வீசச் சொன்னார். லாரி வாசலில் ஹாரன் அடிக்கும்போது கடைசி ஷாட் முடிந்திருந்தது. தயாரிப்பாளர் மாஸ்டரின் தோளில் கைபோட்டு அழைத்துப் போனார். முதலாளிதான் சேட்டன்மாரை இரண்டு நாள் மல்லி பொறுக்க வைத்து, என்னையும் சேர்த்துத் திட்டினார்.

சில வருஷம் கழித்து, கணவரோடு எர்ணாகுளத்தில் ஒரு படத்துக்குப் போனேன். டைரக்‌ஷன் என்று மாஸ்டரின் பெயர் வந்தபோதே கையைத் தட்டிவிட்டேன். இடைவேளைக்குப் பிறகு ஒரு சந்தைக் காட்சி. ஒருவன் "மள்ளி" என்று கத்த, மூட்டை மூட்டையாக மல்லி வந்தது. மாடி ஜன்னலிலிருந்து இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் பாதி உடம்பை வெளியே நீட்டி, "அது மல்லி இல்லை!" என்று அலறினாள். தியேட்டரே சிரித்தது. நான் அழுதுவிட்டேன். அதுவரை இந்தக் கதையை நான் அளந்து விடுவதாகவே நினைத்திருந்த என் கணவர், திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கே டிக்கெட் காசு சரியாகிவிட்டது.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் தோசை பிய்ந்தாலும் சரி, பேத்தி பரீட்சையில் கோட்டை விட்டாலும் சரி, யாரும் உச்சுக்கொட்டுவதில்லை. "மள்ளி" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு மறுபடியும் ஆரம்பிக்கிறோம்.