வாய் சொன்ன "இல்ல"

தலையில் அடிபட்டவர்களின் பேச்சு எப்படிக் குழம்புகிறது என்று ஆராயும் குழுவொன்றில் எனக்கு வேலை. கற்பிட்டியில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டுப் பதிலைப் படிவத்தில் குறிக்க வேண்டும். படிவத்தில் இல்லாததைக் கேட்கக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. மூக்கை நுழைக்காமல் இருக்க எனக்கு இன்றுவரை தெரியாது.

அப்படிப் போன வீடொன்றில் ஒரு கருவாட்டு வியாபாரி, முந்தல் பக்கம் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. மூளையின் இடப்பக்கம் காயம். கரண்டியைக் காட்டி, "இது கரண்டியா?" என்று கேட்டேன்.

"இல்ல" என்றார்.

"நீங்க ஆம்பிளையா?"

"இல்ல."

தலையும் வாய் சொன்ன பக்கமே ஆடியது. ஆனால் சொல்லி முடித்த கையோடு அவருக்குக் கோபம் வந்து தன் தொடையில் ஓங்கி அறைந்தார். பிழை என்று தெரிகிறது, பிறகு ஏன் வாய் அதையே சொல்கிறது? இந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. படிவத்தில் மட்டும் சமர்த்தாகப் பிழை என்று குறித்து வைத்தேன்.

மூன்றாவது முறை போனபோது, சிலாபத்தில் அவரிடம் கருவாடு வாங்கிய சிங்களவர் ஒருவர் சுகம் விசாரிக்க வந்திருந்தார். சாப்பிட்டாயா என்று சிங்களத்தில் கேட்டார். "ஒவ்", ஆம் என்று பதில் வந்தது. இன்னும் வலிக்கிறதா என்றார். "நே", இல்லை. இரண்டும் சரியான பதில். இருபது வருடம் சந்தையில் பேசிய சிங்களம் தப்பிவிட்டது, தாய்மொழியின் "ஓம்" மட்டும் எங்கோ சிக்கிக்கொண்டது. படிவத்தில் சிங்களத்துக்கு இடமில்லை, ஓரத்தில் எழுதினேன்.

அடுத்த வாரம் வியாபாரியின் மகளுக்கு நிக்காஹ். பெண்ணைக் கொடுக்கும் பொறுப்பு தகப்பனான வாப்பாவுக்குத்தான், அவரை "வலி" என்பார்கள்; ஆனால் அவருக்குப் புத்தி தெளிவாக இருக்க வேண்டும். சபையில் தம்பி "இல்ல" என்றால் மானம் போகுமே என்று வியாபாரியின் அண்ணனான நானா பயந்தார். "தம்பிக்குப் புத்தி பேதலிச்சிட்டு, நான் வலியா நிக்கிறன்" என்றார்.

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாப்பாட வாயாலதான் என்னக் குடுக்கணும், மிஸ்."

மகள் அழைத்து நானும் போயிருந்த நிக்காஹ் அன்று, திருமணத்தைப் பதிவு செய்யும் லெப்பை முதலில் வாப்பாவிடமே கேட்டார். "மகளக் குடுக்க உங்களுக்குச் சம்மதமா?"

"இல்ல."

மாப்பிள்ளை தலை குனிந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. பெண்கள் பக்கத்துத் திரையை விலக்கி, "சிங்களத்துல ஒருக்காக் கேட்டுப் பாருங்க, லெப்பை" என்றேன்.

"நிக்காஹ்வையா, மகள்?" என்று லெப்பை என்னை முறைத்தார். ஆனாலும் கேட்டார்.

"ஒவ்."

லெப்பை லேசில் விடுகிற ஆளில்லை. கிளிப்பிள்ளையும் "ஒவ்" சொல்லும் என்று நினைத்திருப்பார். கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொன்றும் சிங்களத்தில் கேட்டார்: அப்படியானால் உங்கள் இடத்தில் நானா நிற்கட்டுமா?

வாப்பா திரும்பி நானாவை நேராகப் பார்த்தார்.

"எப்பா."

வேண்டாம் என்கிறார் என்று அங்கே யாருக்கும் விளக்கத் தேவைப்படவில்லை. பதிவுப் புத்தகத்தை எடுத்துத் தம்பியின் மடியில் வைத்தது நானாதான்.