கொடுவா வயித்துல கிடைச்ச கலர்

பாக்கெட்டைப் பிரிச்சதும் வந்த அந்த வாசனை... சோம்பும் எண்ணெயும் கலந்த ரப்பர் வாசனை. வீட்டுக்காரர் துபாய்ல இருந்து லீவுல வந்தப்போ பெட்டியில பாதி அதுதான். எனக்கு ஒரு சென்ட் பாட்டில் கூட இல்ல. கோவம் கோவமா வந்துச்சு.

கொடுவா மீன் பிடிக்க தூண்டில்ல மாட்டுற லூராம். மீன் மாதிரியே செஞ்ச மெத்துனு ஒரு ரப்பர், கையில எடுத்தா வாலை ஆட்டும். பிங்க், கிளிப்பச்சை, ஆரஞ்சு, ஜிகினா போட்ட ஊதா...

"இன்னாங்க இது, பழவேற்காட்டுல வளையல் கடை போடப் போறீங்களா?"

அவர் சிரிக்கல. சென்னையில இருந்து தூண்டில் போட வர்றவங்களை போட்ல கூட்டிட்டுப் போற தொழில் பண்ணணும்னு அவருக்கு ஆசை. அது செட் ஆச்சுன்னா ஊரோட இருந்துடலாம். இல்லன்னா லீவு முடிஞ்சதும் மறுபடி பிளைட்.

எங்க மகளுக்கு அப்போ மூணு வயசு. அவங்க அத்தா கூப்பிட்டாலே என் பின்னாடி ஒளிஞ்சுக்குவா. அவர் போகவே கூடாதுன்னு தினம் துவா கேட்டேன்... அவர்கிட்ட மட்டும் சொல்லல.

ஒரு வாரம் தினமும் விடிய ஏரிக்குப் போனார். இருக்கிறதுலயே பளிச்னு இருந்த கலரா மாத்தி மாத்திப் போட்டார். ஒண்ணும் கடிக்கல. ஞாயித்துக்கிழமை முதல் பார்ட்டி வர்றாங்க.

சனிக்கிழமை மார்க்கெட்ல ஒரு கொடுவா வாங்கிட்டு வந்து, என் முகத்தைப் பார்க்காமலே பையை நீட்டினார். தூண்டில்காரருக்கு அதைவிட அவமானம் என்ன இருக்கு...

அரிவாமணையில வயித்தைக் கீறினேன். உள்ள ரெண்டு குட்டி மடவை மீன், முழுசா. முதுகு சாம்பல், வயிறு வெள்ளை.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க. இது இன்னா கலரைத் தின்னிருக்குது பாருங்க. நீங்க உங்களுக்குப் புடிச்ச கலரா வாங்கிட்டு வந்திருக்கீங்க."

அவர் குனிஞ்சு மடவையை விரலால புரட்டிப் பார்த்தார். அப்புறம் பெட்டியைத் தரையில கொட்டினார். அடியில ஒரே ஒரு சாம்பல் பாக்கெட். கடைக்காரர் ஓசியில குடுத்ததாம், மங்கலா இருக்குன்னு பிரிக்கவே இல்ல. தண்ணிச் சட்டியில மடவையையும் அதையும் பக்கத்துல போட்டுப் பார்த்தோம். அண்ணன் தம்பி மாதிரி இருந்துச்சு.

மறுநாள் மத்தியானம் போன் வந்துச்சு. "ஃபரீதா... மாட்டிக்கிச்சு. நாலு கிலோ இருக்கும். அடுத்த வாரமும் வர்றோம்னு சொல்றாங்கம்மா."

அடுப்பைக் கூட அணைக்காம அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அதுக்காக தினமும் மாட்டுதுன்னு சொன்னா பொய். மழைத் தண்ணி ஏரியில இறங்கி கலங்கிடுச்சுன்னா சாம்பலும் எடுபடாது, வேற கலர் தேடணும். இப்போ லூர் பெட்டி அடுக்குறது நான்தான். எந்த மீனை அறுத்தாலும் முதல்ல வயித்தைப் பார்க்கிறது பழக்கமாயிடுச்சு.

அப்போ லீவு முடிய எத்தனை நாள்னு காலண்டரைப் பார்த்துட்டே இருப்பேன். இப்போ ஏரியில காத்து எந்தப் பக்கம்னு பார்க்கிறேன், அவ்ளோதான்.

நேத்து அத்தாவுக்கும் மகளுக்கும் ரிமோட்டுக்கு பயங்கர சண்டை. "எப்பப் பாத்தாலும் வீட்லயே இருக்கீங்க அத்தா"ன்னு கத்துறா.

நான் பஞ்சாயத்துக்குப் போகல... கதவுக்கிட்ட நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்.