புதுச்சத்திரம் பாறையில் இரண்டு போல்ட்டுகள்

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில், நாங்கள் கயிறு கட்டி ஏறும் பாறையில், கையாலேயே துளை போட்டு இரண்டு போல்ட்டுகள் இறக்கியிருந்தேன். ஒவ்வோர் அடிக்கும் உளியைத் திருப்பித் திருப்பி அடித்ததில் தோள்பட்டை கழன்றுவிட்டது. கை நழுவினால் உயிரைப் பிடிக்கப்போவது அந்த இரும்புதான். மறுவாரம் போனால், எவனோ அதில் ஒரு காதுகுத்து பிளக்ஸைக் கட்டியிருக்கிறான். கம்பி நழுவக் கூடாதென்று போல்ட்டுத் தலைகளை வேறு அடித்து வளைத்திருக்கிறான்.

"எவன்டா இந்த வேலையைப் பண்ணது?" என்று கத்தினேன்.

பாறைக்கு அந்தப் பக்கம் ஏணியை மடக்கிக்கொண்டிருந்த என் அக்காவின் கணவர் திரும்பினார். "ஏன் மாப்ள கத்தறே? நம்மூட்டுக் காதுகுத்துக்குத்தான நீ ஆணியடிச்சே?"

அப்போதுதான் நிமிர்ந்து படத்தைப் பார்த்தேன். என் போல்ட்டில் தொங்கிக்கொண்டு, தாய்மாமன் நான், ஆளுயரத்துக்குக் கும்பிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன்.