ஓடுபாதையில் ஒரு பாய்

விமானம் ஏறப் பயமா என்று என் மனைவி இன்றைக்கும் கேலி செய்வாள். ஏறப் பயமில்லை, அது இறங்கும்போது அதற்கு முன்னால் கிடக்கத்தான் பயம் என்பேன். பகிடி என்று நினைத்துச் சிரிப்பாள்.

உலகச் சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் எங்கள் தோட்டவெளிக்குப் பக்கத்தில் ஓர் ஓடுபாதை போட்டார்கள். சண்டை முடிந்தபின் எப்போதாவது ஒரு சின்ன விமானம் அதில் வந்து இறங்கும். மற்ற நாட்களில் அது யாருடைய சொத்தும் இல்லை. ஆகவே எல்லாருடைய சொத்தும்தான். அதன் முள்ளுக்கம்பி வேலி துண்டு துண்டாகக் கழன்று போய் ஊர் வளவுகளைக் காத்தது. தார் வெடித்த இடமெல்லாம் நெருஞ்சி. காற்றின் திசை காட்டும் துணிப்பை கந்தலாகி, எந்தக் காற்றுக்கும் ஒரே பக்கமாகத் தொங்கியது. அங்கே காவலுக்கு இருந்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. ஆட்களைக் கலைக்க அவருக்கு ஒரு கைமணி கொடுத்திருந்தார்கள். அதன் நாக்கு விழுந்து ஒரு மாரி கடந்துவிட்டது. மேலிடத்துக்குச் சொல்லியாயிற்று என்பார். மேலிடம் பதிலும் சொல்லியிருக்கலாம், தொலைபேசியும் பழுது.

பனங்கிழங்கைக் கிழித்து ஒடியலாகக் காயவைக்க அந்தச் சுடுதாரைப் போல் ஓர் இடம் கிடையாது.

"அக்கா, இண்டைக்குப் பிளேன் இல்லை. தாராளமாய்க் காயப்போடு," என்றார் மாமா ஒரு நாள் காலை.

அம்மா இரண்டு பெரிய பாய்களைத் தள்ளித் தள்ளி விரித்தார். தூரத்துப் பாயில் காகம் கலைக்கும் உத்தியோகம் எனக்கு.

வெயில் ஏறியபோது வண்டு இரைவது போல் ஒரு சத்தம். அண்ணாந்து பார்ப்பதற்குள் விமானம் தலைக்கு மேலே தாழ்ந்து வட்டமடித்தது. மாமா மணியை ஆட்டியபடி காவல் கொட்டிலிலிருந்து ஓடி வந்தார். மணி ஊமையாக ஆடியது.

"ஓடுங்கோ! உவன் இறங்கப் போறான்!"

"நீதானேடா பிளேன் இல்லையெண்டு சொன்னனீ!" அம்மா ஓலைக் கடகத்தில் ஒடியலை அள்ளிப் போட்டார்.

"விடு அக்கா உந்த ஒடியலை!"

"கிழிச்ச கை என்ரை கையடா!" என்றவர் என் பக்கம் திரும்பி, "தம்பி, பத்தைக்குள்ளை ஓடடா!" என்று கத்தினார். பக்கத்துப் புதருக்குள் நான் ஓடியிருப்பேன் என்ற நம்பிக்கையில் கடகத்தோடு அவர் ஓடிவிட்டார்.

நான் ஓடவில்லை. சண்டைக் காலத்தில் விமானச் சத்தம் கேட்டால் குப்புறப் படுத்து எதையாவது போர்த்திக்கொள்ள வீட்டில் பழக்கியிருந்தார்கள். ஒடியலைத் தட்டிக் கொட்டிவிட்டு, படுத்து, பாயை இழுத்துச் சுற்றிக்கொண்டேன். சொல்லிக் கொடுத்த ஒன்றை அப்படியே செய்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. இடம்தான் பிழை.

உள்ளே இருட்டும் தார் மணமும். கன்னத்துக்குக் கீழே நிலம் அதிரத் தொடங்கியது. முருகனைக் கூப்பிட்டேன், அவர் வரச் சுணங்கியதால் பிள்ளையாரையும் கூப்பிட்டேன். காற்சட்டை நனைந்தது. அப்போது அம்மாவின் குரல் கேட்டது.

"ஐயோ, என்ரை பிள்ளை எங்கையடா?"

"பத்தைக்குள்ளைதானே, அக்கா?"

"இல்லையடா! இல்லை!"

அம்மாவின் தொண்டையிலிருந்து அப்படியொரு சத்தம் நான் கேட்டதே இல்லை. விமானத்தைவிட அதற்குத்தான் பயந்தேன். பாயோடு எழுந்து, எந்தப் பக்கமென்று தெரியாமல் ஓடினேன். பக்கத்தில் ஏதோ வெளியைக் கிழித்துக்கொண்டு போனது. அதன் காற்று என்னையும் பாயையும் தூக்கி எறிந்தது.

பாயைப் பிரித்துப் பார்த்தபோது விமானம் தாரை விட்டு விலகி, முட்பற்றைக்குள் ஒரு செட்டை சரிந்து நின்றது. அம்மா ஓடி வந்து என்னை அடித்தார். அடித்துக்கொண்டே கட்டிப்பிடித்தார்.

வெள்ளைக்கார விமானி மட்டும் இறங்கி வந்தார். மாமா ஏச்சு வாங்கக் கைகட்டி நின்றார். அவரோ மாமாவைப் பார்க்கவேயில்லை. தாரில் குந்தி, ஒரு சிகரட்டை வாயில் வைத்து, நெருப்புக்குச்சி கிழித்தார். முறிந்தது. இன்னொன்றும் முறிந்தது. அவருடைய சப்பாத்தைச் சுற்றிக் குச்சிகள் விழுந்துகொண்டே இருந்தன. அவ்வளவு பெரிய யந்திரத்தை ஓட்டும் மனிதருக்கு முன்னால் நனைந்த காற்சட்டையோடு நிற்க வெட்கமாக இருந்தது. அந்த வெளியில் பயந்தவன் நான் ஒருவன்தானே!

பாவம், அவருடைய பெட்டி ஈரம்போலும் என்று நினைத்து, மாமாவின் மடியிலிருந்த நெருப்புப்பெட்டியை இழுத்து நீட்டினேன்.

"இது நல்லாய்க் காய்ஞ்சது."

வாங்கிக் கிழித்தார். அதுவும் முறிந்தது, பற்றவில்லை.

அந்தக் கொளுத்தும் வெயிலில் எங்கள் பெட்டியும் எப்படி நனைந்தது என்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.