பூட்டிய பள்ளியில் இருபத்துநான்கு பிள்ளைகள்

பேருந்து நடத்துநராகப் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்த அந்தப் பெண்ணுக்கு மறதி என்பது கிடையாது. எந்த நிறுத்தத்தில் ஏறியவர் எங்கே இறங்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். இறங்க மனமில்லாமல் தூங்குவதுபோல நடிப்பவரையும் தெரியும். "உன் தலைக்குள்ள மூளை இல்லடி, ரெஜிஸ்டர்தான் இருக்கு" என்று தச்சு வேலை செய்யும் அவள் கணவன் கேலி செய்வான். அந்தக் கேலியில் ஓர் எச்சரிக்கையும் இருந்தது. தன் திருமண நாளன்று முகம் திருப்பிக்கொண்ட ஒரு பெரியம்மாவுக்கு அவள் இன்றுவரை வணக்கம் சொன்னதில்லை.

மகள் படித்த தொடக்கப்பள்ளியில் அவளுக்கு விசிலக்கா என்று பெயர். செவ்வாய், வியாழன் இரு நாட்களிலும் விடியல் பேருந்து நடைகளை முடித்துவிட்டு, ஏழே முக்காலுக்குப் பள்ளி வாசலில் சிவப்புக் கொடியும் விசிலுமாக நின்று, வண்டிகளை மறித்துப் பிள்ளைகளைத் தெரு கடக்கவிடுவாள். அந்தப் பள்ளியின் நடைமுறை அது. ஐந்து வகுப்புகளுக்கு ஆறே ஆசிரியர்கள். ஆகவே மீதி வேலைகளைப் பெற்றோர் பங்கிட்டுக்கொண்டார்கள். ஒருவர் தோட்டம், ஒருவர் வாசிப்பறை, ஒருவர் தெரு. வேலை முடிந்ததும் அலுவலக அறையில் இருக்கும் பணிப்பதிவேட்டில் நேரத்தையும் செய்த வேலையையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. நான்காம் வகுப்பினர் காலையில் கால் மணி நேரம் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்குக் கதை வாசிப்பார்கள். அதற்கு ஒரு தலைவி. அவள் சட்டையில் நீல அட்டை ஒன்றை ஊக்கால் குத்திக்கொள்வாள். அந்த ஆண்டு பிள்ளைகள் விசிலக்காவின் மகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவள் வீட்டில் அப்பாவை உட்காரவைத்து ஒத்திகை பார்த்தாள்.

"மிஸ், எனக்கு ஒன்னுக்கு வருது" என்பான் தச்சன்.

"கதை முடிஞ்சப்புறம் போகலாம். வாயை மூடு."

பெற்றோர் சங்கத்தின் தலைவி மருந்துக்கடைக்காரம்மா. சுறுசுறுப்பானவர், பேச்சிலும் உடையிலும் கஞ்சி போட்ட விறைப்பு. பெற்றோர் பணியில் தவறினால் அவர்களுடைய பிள்ளை எந்தப் பொறுப்பிலும் இருக்கக் கூடாது என்ற விதியைக் கொண்டுவந்தவர் அவர்தான். மாதக் கூட்டத்தில் தாமதமாக வந்தவர்களின் பட்டியலை ஒலிபெருக்கியில் வாசிப்பதும் அவர் ஏற்படுத்திய வழக்கமே.

கல்வியாண்டின் இரண்டாம் மாதத்தில் விசிலக்கா இரு முறை தாமதமானாள். ஒரு முறை பேருந்தின் பின்சக்கரம் வெடித்தது, பதினான்கு நிமிடம். மறுமுறை பாலத்தில் நெரிசல், ஒன்பது நிமிடம். மாதக் கூட்டத்தில் மருந்துக்கடைக்காரம்மா இரண்டையும் வாசித்தார். அதோடு நிற்கவில்லை. முன்வரிசையில் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்க, மகளை மேடைக்கு அழைத்தார்.

"அம்மாவுக்கு நேரத்தோட அருமை தெரியல. அப்போ பொண்ணு எப்படி மத்தவங்களுக்கு வழிகாட்டும்? கார்டைக் கழட்டும்மா."

மகளின் விரல்கள் நடுங்கியதில் ஊக்கு திறக்கவில்லை. அவரே குனிந்து கழற்றினார். கழற்றிய அட்டை மறுநாள் அவருடைய மகளின் சட்டையில் ஏறியது.

வீடு திரும்பும் வழியெல்லாம் மகள் அட்டை இருந்த இடத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டே நடந்தாள். ஊக்கு குத்திய இரண்டு துளைகள்தான் அங்கே இருந்தன. அழவில்லை. அழுதிருந்தால் தாய் ஒருவேளை ஆறியிருப்பாள்.

அன்று முதல் அவள் வஞ்சத்தை வேலையைப் போலவே ஒழுங்காகச் செய்தாள். முதலில் தன் பக்கத்துக் கறையைத் துடைத்தாள். விடியல் நடைகளில் கடைசியை ஒரு சக நடத்துநருக்கு விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக அவருடைய ஞாயிற்றுக்கிழமைகளை ஏற்றுக்கொண்டாள். ஏழு மாதங்களில் ஐம்பத்தொரு காலைகள் தெருவில் நின்றாள். ஒன்றில்கூட ஒரு நிமிடம் பிந்தவில்லை. மருந்துக்கடைக்காரம்மா கார் கண்ணாடியை இறக்கி, "பரவாயில்லையே, திருந்திட்டீங்க!" என்றபோது, "உங்க புண்ணியம்" என்று கொடியை உயர்த்திக் காரை நிறுத்தி, நண்டும் சிண்டுமாக அத்தனை பேரும் கடக்கும்வரை நிற்கவைத்தாள்.

அரையாண்டு முடிவில் பணிப்பதிவேட்டைக் கூட்டிப் பார்த்துத் தொகை எழுத ஆள் தேவைப்பட்டது. தலைமையாசிரியை கேட்டு முடிப்பதற்குள் அவள் கை உயர்ந்தது.

"நிறைய பக்கம் இருக்கேம்மா."

"ஓடுற பஸ்ஸுல நின்னுக்கிட்டே கூட்டுறவ டீச்சர் நான். இது உக்காந்த வேலை."

மூன்று பிற்பகல்கள் அலுவலக அறையில் அமர்ந்தாள். மூன்றாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமையின் பதிவில் அவள் விரல் நின்றது: பத்து முதல் பதினொன்று, வாசிப்பறை, இருபத்துநான்கு பிள்ளைகள், கீழே மருந்துக்கடைக்காரம்மாவின் சுழித்த கையெழுத்து.

அந்தச் செவ்வாய் பள்ளியே நடக்கவில்லை. தண்ணீர்த் தொட்டியின் குழாய் வெடித்து வகுப்பறைகளில் கணுக்காலளவு நீர் நின்றது. ஏழே முக்காலுக்குக் கொடியோடு வந்தவளைக் காவலாளி வாசலிலேயே திருப்பி அனுப்பினார். மகளைப் பேருந்தின் முன்னிருக்கையில் உட்காரவைத்து இரண்டு நடைகள் ஓடியது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

நடத்துநர் தொழிலில் சில தவறுகளுக்கு மன்னிப்பு உண்டு. ஆனால் ஓடாத நடையை ஓடியதாக நடைத்தாளில் எழுதினால் வேலை போகும். அது அவள் ரத்தத்தில் ஊறிய சட்டம். பக்கத்தை மெல்லத் தடவிக்கொடுத்தாள், கன்றைத் தடவுவதுபோல.

ஐயத்துக்குரிய பதிவுகள் இன்னும் பதினொன்று இருந்தன. எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு. மாதக் கடைசியில் ஒரே மூச்சில் எழுதியவை. ஆனால் அவற்றுக்குச் சாக்குச் சொல்ல இடமிருந்தது. இந்த ஒன்றுக்கு இல்லை. ஒன்று போதும் என்று முடிவெடுத்தாள்.

"தலைமையாசிரியைகிட்ட தனியா சொல்லிடேன்" என்றான் கணவன்.

"எம் பொண்ணுகிட்ட அவங்க தனியாவா சொன்னாங்க? மைக்குல சொன்னாங்க."

"எதுக்கு இவ்வளவு நாள் பொறுக்கணும்?"

"மாசக் கூட்டத்துக்கு முப்பது பேர் வருவாங்க. ஆண்டுக் கூட்டத்துக்கு முந்நூறு பேர்."

தச்சன் வேலைக்குத் திரும்பினான். இழைப்புளியைப் பார்த்துக்கொண்டே, "நல்லவேளை, நான் உன்னைக் கட்டிக்கிட்டேன். உனக்கு எதிரியா பொறக்கல" என்றான்.

ஆண்டுக் கூட்டம் ஒரு சனிக்கிழமை பிற்பகல். பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்து, சன்னல் ஓரமெல்லாம் ஆட்கள் நின்றார்கள். பதவிக்கு மறுபடியும் நின்ற மருந்துக்கடைக்காரம்மா தன் சேவையை எடுத்துரைத்தார். "இந்த வருஷம் வாசிப்பறையில மட்டும் தொண்ணூத்தாறு மணி நேரம். வேற யாராவது இருக்கீங்களா?"

விசிலக்கா எழுந்தாள். பேருந்து நெரிசலில் பின்கதவுவரை கேட்கும் குரல் அது, ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

"ஒரு சந்தேகம்மா. தண்ணித்தொட்டி உடைஞ்ச செவ்வாக்கிழமை நீங்க எங்க இருந்தீங்க?"

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம்?"

"ரெஜிஸ்டருக்கு ஞாபகம் இருக்கு. பத்துலேருந்து பதினொன்னு வரைக்கும் இங்கதான் இருந்திருக்கீங்க. இருபத்துநாலு பிள்ளைங்களோட."

தலைமையாசிரியை பள்ளி நாட்குறிப்பைப் புரட்டினார். முகம் மாறியது. "அன்னைக்கு ஸ்கூல் லீவு" என்றார் மெல்ல.

"தேதி மாறியிருக்கும்" என்றார் மருந்துக்கடைக்காரம்மா.

"திங்களா, புதனா? ரெண்டுலயும் தனியா கையெழுத்து இருக்கே."

பின்வரிசையிலிருந்து ஓர் ஆட்டோக்காரர், "பூட்டின ஸ்கூல்ல பிள்ளைங்க எல்லாம் நீச்சல் கத்துக்கிச்சோ என்னவோ" என்றார். சிரிப்பு கூரையில் மோதித் திரும்பியது.

சிரிப்பு அடங்கக் காத்திருந்தாள். பிறகு கேட்டாள்: "வராத நாளுக்கு எத்தனை கையெழுத்தும்மா?"

"கடையில ஆள் இல்ல... மாசக் கடைசியில மொத்தமா போட்டுடுவேன்" என்றார் அவர், மேசை விரிப்பைப் பார்த்தபடி.

விதி எல்லாருக்கும் தெரியும். யாரும் அழைக்காமலே மருந்துக்கடைக்காரம்மாவின் மகள் மூன்றாம் வரிசையில் எழுந்து நின்றுவிட்டாள். விரல்கள் நீல அட்டையின் ஊக்கைத் தேடின.

உண்மையைச் சொல்ல வேண்டும். ஏழு மாதங்களாக ஒவ்வொரு நடையிலும் விசிலக்கா கற்பனை செய்து ருசித்த காட்சி இதுதான். அதில் அந்தச் சிறுமி தேம்பித் தேம்பி அழுவாள். இப்போதும் ஒரு கணம் அவள் தடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். ஊக்கு திறக்கவில்லை. சிறிய விரல்கள் வழுக்கின. அந்த நடுக்கத்தை அவள் ஏற்கெனவே ஒரு முறை பார்த்திருந்தாள்.

"கையை எடும்மா. நீ உக்காரு" என்றாள். பிறகு மேடையை நோக்கித் திரும்பினாள். "பயப்படாதீங்க, எனக்கு மனசு எல்லாம் இளகிடல. நான் பழி வாங்க வந்தது உங்கள. நீங்க ஆள் மாத்தி அடிச்சீங்க; நான் மாத்த மாட்டேன். அந்த விதியை நீங்களே மைக்குல வாசிங்க. வாசிச்சிட்டு, உங்க கையாலயே அடிங்க."

வாசித்தார். பதிவேட்டின் முதல் பக்கத்தில் அந்த விதியின்மேல் கோடு இழுத்தார். விசிலக்கா அருகில் நின்று, கோடு முழுதாக விழுந்ததா என்று சரிபார்த்தாள். பதவிப் போட்டியிலிருந்தும் தன் பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். வாசிப்புக்கு இனி இரண்டு தலைவிகள் என்று தலைமையாசிரியை அறிவித்தார்.

செவ்வாய்க்கிழமை காலை, மகளோடு வந்த விசிலக்காவை வாசலில் மருந்துக்கடைக்காரம்மா வழிமறித்தார். கஞ்சி விறைப்பு போயிருந்தது.

"தப்புதான். மன்னிச்சிடுங்க."

"எங்கிட்ட எதுக்கு? கார்டு போட்டிருந்தது நானா?"

அவர் விசிலக்காவின் மகளிடம் குனிந்தார். "மன்னிச்சிடும்மா, கண்ணு."

மகள் யோசித்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை.

"இங்க வேணாம் ஆன்ட்டி. ஒன்னாங்கிளாஸ் பிள்ளைங்க முன்னாடி சொல்லுங்க. அவங்க நான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன்னுதான் இன்னும் நினைச்சிட்டிருக்காங்க."

பெரியவர்களுக்கே உரிய ஒரு சிரிப்போடு மருந்துக்கடைக்காரம்மா தாயை ஏறிட்டார். பிள்ளையை அதட்டி, தன்னை விடுவிப்பாள் என்ற எதிர்பார்ப்பு அந்தச் சிரிப்பில் இருந்தது.

விசிலக்கா கடிகாரத்தைப் பார்த்தாள்.

"வலப்பக்கம் ரெண்டாவது ரூம்" என்றாள். "பெல் அடிக்க இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு. சொல்லி முடிக்கலாம், போங்க."