ஆர்லிஸ் தண்ணீரைக் கொட்டிய காலை

ஆர்லிஸ் ரஸ்னிக் எதற்கும் லேசில் முகம் சுளிக்கிற ஆள் இல்லை. முப்பது வருடத்துக்கு மேலாக நிலக்கரித் தூளையும் சோள ரொட்டியையும் சேர்த்தே மென்று விழுங்கியவன். மேற்கு வர்ஜீனியாவின் ஸ்டார்லிங் ஃபோர்க் சுரங்கத்தில் பக்கத்து ஆள் வாந்தியெடுத்தாலும் தன்பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். அப்பேர்ப்பட்டவனுக்கு அந்த 1975-ஆம் வருடம் அரசாங்கம் என்ற பேச்சை எடுத்தாலே குமட்டிக்கொண்டு வந்தது.

வராமல் என்ன செய்யும்? அவன் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வாஷிங்டன் தொழிலாளியின் தோளில் கைபோட்டுக்கொண்டு நின்றது. சங்கம் வைப்பது உன் உரிமை, தடுக்கிறவனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு வந்த பெரிய வேலைநிறுத்தத்தில், சுரங்கங்களைத் தானே எடுத்துக்கொண்டு, வாசலில் கொடியை ஏற்றி, வைத்தியத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் நிதி என்று கையெழுத்துப் போட்டது. பாறை விழுந்து நசுங்கிய ஆர்லிஸின் இடது கையை அந்த நிதியில்தான் தைத்தார்கள். மறுவருடமே இன்னொரு சட்டம் வந்தது. வேலைநிறுத்தத்தைத் தடுக்க அரசாங்கமே கோர்ட்டுக்குப் போகலாம் என்றது அது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக, ஒப்பந்தம் இருக்கும்போது வேலையை நிறுத்தியவனை மத்திய நீதிபதி பிடித்து உள்ளே போடுகிற அளவுக்கு வந்துவிட்டது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற கை அது.

அந்தச் செப்டம்பரில் சுரங்கத்தின் மூன்றாவது பகுதியில், பொறி பட்டால் வெடிக்கிற வாயு சேர்ந்துகொண்டிருந்தது. வெட்டுகிற இடத்துக்குக் காற்றைத் திருப்பிவிட, கனமான திரை கட்ட வேண்டும். கட்டினால் இயந்திரம் வேகமாகப் போக முடியாது; ஆகவே கம்பெனி கட்டுவதில்லை. மத்திய அரசின் ஆய்வாளர் வருகிற அன்றைக்கு மட்டும் திரை தொங்கும். அவர் கார் மலையிறங்கியதும் திரையும் இறங்கிவிடும். தொழிலாளிகளின் பாதுகாப்புக் குழுவில் இருந்த கிளீட் புகார் கொடுத்தான். கம்பெனிக்கும் சங்கத்துக்கும் பொதுவான நடுவர் ஒருவர் விசாரிப்பார், வரிசையில் இருக்கிறது என்றார்கள். வாயு வரிசையில் நிற்குமா?

அந்த ஊர்களில் வேலைநிறுத்தத்துக்கு மேடையோ மைக்கோ கிடையாது. சுரங்கத்துக்குக் கொண்டுபோகிற தூக்குவாளியின் அடியில் தண்ணீர், மேல் தட்டில் சாப்பாடு. உள்ளே மாட்டிக்கொண்டால் உயிர் காப்பது அந்தத் தண்ணீர்தான். அதை வாசலிலேயே ஒருவன் தரையில் கொட்டினால், இன்று இறங்கமாட்டேன் என்று அர்த்தம். பார்த்தவனும் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்டவன் சாகும்வரை கருங்காலி என்றே பேர் வாங்குவான்.

அன்று காலை சுரங்க வாசலில், விளக்கு வாங்கும் இடத்தில், ஆர்லிஸ் மேல் தட்டை லேசாக ஒதுக்கி வாளியைத் தூக்கி ஒரு மடக்குக் குடித்தான். வாயில் என்னவோ மயிர் மாதிரித் தட்டுப்பட்டது. தட்டை முழுசாக எடுத்துப் பார்த்தால், உள்ளே உப்பிப்போய் ஒரு எலி.

“ச்சீ, கருமம்!” என்று அத்தனையையும் தரையில் கவிழ்த்துவிட்டுத் துப்பித் துப்பி நின்றான். நிமிர்ந்தபோது பின்னால் நின்றவன் கொட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னாலும் தண்ணீர் கொட்டுகிற சத்தம்.

“டேய், இருங்கடா! எலிடா! செத்த எலி!”

“எந்த எலிண்ணே, ஃபோர்மேனா? சாகட்டும் விடு,” என்று சொல்லிக்கொண்டே, கூட வேலை செய்கிற லோவல் வண்டியைக் கிளப்பினான். ஷிப்டு முழுக்கக் காலி.

பொழுது சாய்வதற்குள் பக்கத்துச் சுரங்கங்களும் நின்றுவிட்டன.

“யோவ், உன் வாளியில எலி விழுந்ததுக்கு மூணு ஜில்லாவே சும்மா உக்காந்திருக்கு!” என்றாள் மனைவி வெர்னா.

“மூடி குடுத்தவ நீதான? கண்ணு எங்க போச்சு?”

“ராத்திரி தொறந்து போட்டவன் எவன்? ஒழுங்கா போய் எலின்னு சொல்லிட்டு வா. ஜெயில்ல போட்டுட்டா நான் என்ன பண்ணுவேன்?”

கம்பெனி ஒரே நாளில் மத்திய கோர்ட்டில் வேலைநிறுத்தத்துக்குத் தடையுத்தரவு வாங்கிவிட்டது. யாரும் வேலைக்குத் திரும்பவில்லை. முதலில் கொட்டியவன் யார் என்று விசாரித்து, கோர்ட்டு ஆட்கள் ஆர்லிஸின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஜெயிலா வீடா என்பது அவன் வாயில் இருந்தது.

கோர்ட்டு வராந்தாவில் சங்கத்தின் மாவட்ட அதிகாரி காத்திருந்தார். வாசனை எண்ணெய் தடவிய தலை.

“பெரிசா ஒண்ணுமில்ல ஆர்லிஸ். எலின்னு சொல்லு. ஆளுங்கள வேலைக்குப் போகச் சொல்றேன்னு சொல்லு. இல்லேன்னா அபராதம் போட்டே சங்கத்த முடிச்சுடுவாங்க.”

“திரைய யாரு கட்டுவா?”

“அத அப்புறம் பாத்துக்கலாம்பா.”

அந்த எலித்தண்ணீரே தேவலை என்று இருந்தது ஆர்லிஸுக்கு. நேராக உள்ளே போனான்.

நீதிபதி மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் இன்னும் அருவருப்பு. “ஏன் தண்ணிய கொட்டினீங்க?”

“எலி செத்துக் கெடந்துச்சுங்க.”

கம்பெனி வக்கீல் வாய்விட்டுச் சிரித்தார். நீதிபதியும் சிரித்தார். “அப்ப வேலைநிறுத்தத்துக்கு நீங்க யாரையும் கூப்பிடல. நல்லது. இதையே ஆளுங்ககிட்ட சொல்லி, காலையில வேலைக்குப் போகச் சொல்லுங்க. நீங்க வீட்டுக்குப் போகலாம்.”

“சொல்றேங்க. திரைய கட்டச் சொல்லி கம்பெனிக்கும் ஒரு உத்தரவு போட்டுருங்க.”

“அது இந்தக் கோர்ட்டு வேலை இல்ல. அதுக்கு நடுவர் இருக்கார்.”

“அவருக்கு எங்க சுரங்கத்துக்கு வழி தெரியலைங்க. உங்களுக்கு என் வீட்டுக்கு மட்டும் ஒரே நாள்ல வழி தெரிஞ்சுடுச்சு.”

நீதிபதியின் சிரிப்பு நின்றது. “ஆளுங்ககிட்ட சொல்வீங்களா, மாட்டீங்களா?”

ஆர்லிஸ் தன் இடது கையைத் தடவிக்கொண்டான். “நான் எலிக்குக் கொட்டினேன். அவனுங்க காத்துக்குக் கொட்டினானுங்க. அது வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வராதுங்க.”

வந்து மன்னிப்புக் கேட்கும்வரை சிறை என்றார் நீதிபதி.

எலிக் கதையைக் கம்பெனி ஊரெல்லாம் பரப்பியது. மலைக்கு மலை ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துவிட்டு, ஒருவனும் வேலைக்குப் போகவில்லை. நட்டம் தாங்காமல் கம்பெனியே திரையைக் கட்டியது. எந்த நீதிபதியும் சொல்லவில்லை, எந்த நடுவரும் வரவில்லை. அதைச் சொல்லத்தான் வெர்னா சிறைக்கு வந்தாள்.

“கிளீட்டே உள்ள போய்ப் பாத்துட்டான். காத்து நல்லா வருதாம். திங்கக்கிழமை எல்லாரும் எறங்கறாங்க.” கம்பியைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். “எல்லாம்தான் முடிஞ்சுபோச்சே. ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டா இன்னைக்கே விட்டுடறேங்கிறார் நீதிபதி.”

“எதுக்கு?”

“அவர் பேச்ச கேக்காததுக்கு.”

“மூச்சு விடக் காத்து கேட்டதுக்குன்னு சொல்லு.”

வருகிற வழியெல்லாம் வெர்னா அவனைச் சம்மதிக்கவைக்க என்னென்னவோ யோசித்து வைத்திருந்தாள். அதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு, கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“சரி, இருந்துட்டு வா,” என்றாள். “நீ வர்ற வரைக்கும் அடுப்புக்குக் கரிய நானே அள்ளிக்கிறேன்.”